வான் அலை யாருடைய சொத்து?

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஊடகம் பற்றிய பாடத்தை நடத்தும்போது ஒரு மாணவர் இப்படிக் கேட்கக்கூடும்: “ஐயா, தனியார் தொலைக்காட்சியில் செய்தி வருகிறது. தனியார் பண்பலை வானொலியில் மட்டும் ஏன் பாட்டும் பேச்சுமாகவே இருக்கிறது?”

நல்ல கேள்வி. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான்.

செய்தித்தாள் தொடங்கப் பதிவு செய்தால் போதும். ஒலிபரப்புக்கோ உரிமம் வேண்டும். ஏனெனில் அலைவரிசைகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரே அலைவரிசையில் இருவர் ஒலிபரப்பினால் இருவர் குரலும் தெளிவாகக் கேட்காது. பங்கிட்டுக் கொடுக்க ஓர் அமைப்பு தேவைதான். ஆனால், பங்கிட்டுத் தருபவரே என்ன பேசலாம் என்றும் தீர்மானிக்கலாமா?

1993இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டியின் ஒளிபரப்பு தொடர்பாக வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் வழக்கு எழுந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வான் அலைகள் பொதுச் சொத்து. அரசோ தனியாரோ அவற்றை ஏகபோகமாக்கக் கூடாது. தன்னாட்சி கொண்ட பொது அமைப்பே அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது. எனினும், தனியார் அலைவரிசைகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் இன்றும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடமே இருக்கிறது.

அந்த அதிகாரத்தின் வலிமையை 2022இல் கண்டோம். பாதுகாப்புக் காரணம் கூறி, ‘மீடியா ஒன்’ என்னும் மலையாளச் செய்தி அலைவரிசையின் உரிமத்தைப் புதுப்பிக்க அமைச்சகம் மறுத்தது. காரணங்களின் விவரம் முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்திடம் தரப்பட்டது, பாதிக்கப்பட்டவர்களிடம் காட்டப்படவில்லை. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அரசின் கொள்கையை விமர்சிப்பதை ஆட்சியமைப்புக்கு எதிரானது என்று கூற முடியாது என்பதையும் தெளிவுபடுத்தியது.

காரணம் சொல்லாமல் தண்டித்தால் வகுப்பறையே மௌனமாகிவிடும் என்பதை நாம் அறிவோம். ஊடகமும் அப்படித்தான். ஓர் உரிமம் பறிபோனால், மற்றவர்கள் தாமாகவே வாயைக் கட்டிக்கொள்வார்கள். அந்த மௌனம் எந்த ஆணையிலும் பதிவாகாது.

ஆகவே, ஊடகத் தடை பற்றிய செய்தி வரும்போது மாணவர்களை மூன்று கேள்விகள் கேட்கப் பழக்குவோம். தடை விதித்தவர் யார்? எந்தச் சட்டப்படி? காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா? விடையை அவர்களே தேடட்டும். அரசமைப்பின் 19ஆவது பிரிவு, மனப்பாடப் பகுதியாக இல்லாமல் அவர்கள் வாழ்வோடு சேரும்.