கிஸ்திக் கணக்கில் நம் முன்னோர்

(நமது ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். என்னைப் போன்றவர்களை மேடையேற்றினால் பட்டா, சிட்டாவைத் தவிர வேறு எதைப் பேசப்போகிறோம்? ஆனால் அந்தக் காகிதங்களைக் கொண்டு உங்கள் பூட்டன் பெயரையும் கண்டுபிடிக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்து தேசத்தார் இதை வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். அங்கே பிறப்பு, இறப்பு, கலியாணத்தை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1855-ல். அதற்கு முந்தினவர்களைத் தேட சபைப் பதிவேடு வேண்டும். அது தொலைந்துபோயிருந்தால் பிரபுக்களின் குத்தகைக் கணக்கு வேண்டும். எந்தப் பண்ணையை யார் உழுதார், எவ்வளவு பணம், எத்தனை கோழி கொடுத்தார் என்று வருஷாவருஷம் எழுதிவைத்த ஏடுகள் இன்று எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு வருஷம் தகப்பன் பெயர் இருக்கும். அடுத்த வருஷம் அதே பண்ணைக்கு நேரே "விதவை" என்று வரும். பத்து வருஷம் கழித்து மகன் பெயர் வரும். ஒரு குடும்பத்தின் சாவும் வாழ்வும் மூன்று வரியில் தெரிந்துவிடுகிறது.

நமக்கு அப்படிப்பட்ட பிரபு யார்? கடலூர், சிதம்பரம் பக்கம் பெரும்பாலும் சர்க்கார்தான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள கிராமங்களும் சேர்ந்தே வந்தன. "குண்டு கிராமம்" என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. 1801-ல் ஆற்காட்டு நவாப்பின் சீமை முழுவதும் கம்பெனி கைக்குப் போனது, தென்னாற்காடு ஜில்லா உண்டானது. 1820-களுக்குப் பிறகு ரயத்துவாரி நிலைத்தது. ஒவ்வொரு குடியானவனும் நேராகச் சர்க்காருக்குத் தீர்வை கட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொருவன் பெயரும் சர்க்கார் ஏட்டில் ஏற வேண்டும். வரி வாங்குகிறவன் பெயரை மறப்பானா!

இந்த ஏடுகளில் முதன்மையானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட செட்டில்மென்ட் ரிஜிஸ்டர். சர்வே எண், விஸ்தீரணம், மண்ணின் தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் அதில் உண்டு. 30 வருஷத்துக்கு ஒரு முறை மறு செட்டில்மென்ட் என்பது அக்கால விதி. இவற்றைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கலெக்டர் அலுவலகப் பதிவறையிலும் தேட வேண்டும். கிராமத்தில் கர்ணம் எழுதிய கணக்குகள் வேறு. எந்த வயலில் என்ன பயிர் என்பது அடங்கல், ஒரு பட்டாதாரருக்கு எங்கெங்கே நிலம் என்பது சிட்டா. 1980-ல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டது. பழைய கணக்குகளில் தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவை உண்டு, கரையானுக்குப் போனவையும் உண்டு.

பசலி கண்டு பயப்படாதீர்கள். பசலி எண்ணோடு 590 கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது; தகப்பன் பெயர்தான் அடையாளம். இது தேடுகிறவருக்குக் கஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே அதைச் சொல்கிறது. கோவிந்தன் மகன் முருகன், முருகன் மகன் கோவிந்தன் என்று பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். ஸ்காட்லாந்திலும் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரை வைக்கும் பழைய வழக்கம் இருந்ததாம். நம் ஏட்டில் "மைனர், கார்டியன் தாயார்" என்று கண்டால் தகப்பன் அதற்குள் காலமாகிவிட்டார் என்று அறியலாம். ஆனால் பட்டாவில் பெயர் இருக்கிறது என்பதால் ஆள் உயிரோடிருந்தார் என்று நினைக்கக்கூடாது. செத்து நாற்பது வருஷம் ஆனவர் பெயரில் கிஸ்தி கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் நம்மிடையே இன்றைக்கும் இல்லையா?

இனாம், மானிய நிலம் வைத்திருந்த குடும்பத்தார் பாக்கியவான்கள். 1858-ல் ஏற்பட்ட இனாம் கமிஷன், இது முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது அனுபவிக்கிறவர் அவருக்கு என்ன உறவு, வயது என்ன என்றெல்லாம் கேட்டு எழுதியது. அந்த இனாம் பதிவேட்டின் ஒரு பக்கம் கிடைத்தால் நாலு தலைமுறை கிடைத்த மாதிரி.

இனி, மனதை வருத்துகிற காரியத்துக்கு வருகிறேன். இங்கே அமர்ந்திருக்கிற அநேகருடைய முன்னோருக்குப் பட்டா இல்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் கொள்ளிடத் தண்ணீரும் வீராணம் ஏரித் தண்ணீரும் பாய்ந்த நஞ்சையில் உழுதவர்களும் நட்டவர்களும் மிராசுதாரருடைய பண்ணையாட்கள். ஏட்டில் மிராசுதாரர் பெயர் மட்டுமே உண்டு. ஸ்காட்லாந்திலும் அப்படியே, பிரதானக் குத்தகைதாரர் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே குடிசை போட்டு உழைத்தவன் பெயர் இராது. காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஆதனூர் நந்தனார் கதையில் மட்டும் இது தலைகீழ். பண்ணையாள் பெயரை உலகமே அறியும். கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டில் ஆண்டைக்கு வேதியர் என்பதைத் தவிரப் பெயரே கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். 1860-லிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். சென்னையிலிருந்து முதல் கப்பல் "ட்ரூரோ" 1860 நவம்பரில் போய்ச் சேர்ந்தது. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவர் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. நிலக்கணக்கில் இல்லாத ஏழையின் பெயர் கூலிக்கணக்கில் இருக்கிறது, பாருங்கள்! அம்மையார் அந்த நகலை வைத்திருந்தார். கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். வாய்விட்டு நாலு தரம் வாசித்த பிறகுதான் புவனகிரிக்குப் பக்கத்து ஊர் என்று பிடிபட்டது.

செட்டில்மென்ட் ரிஜிஸ்டரில் அந்தப் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். அப்புறம் வெட்டியான், தலையாரி, நாவிதர் மானியங்களைப் பார்த்தோம், அங்கும் இல்லை. அதற்குப் பிறகு பஞ்சமி நிலப் பதிவைத் தேடினோம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் பலனாகத் தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. அதில் ஒரு சிறு புஞ்சைக்கு நேரே, கப்பலேறியவருடைய தகப்பன் பெயரே பட்டாதாரர் பெயராக இருந்தது. காலத்தைக் கணக்குப் பார்த்தால் அவர் அந்தத் தகப்பனாக இருக்க முடியாது. கப்பலேறியவரின் அண்ணன் அல்லது தம்பி மகனாக, பாட்டன் பெயரைச் சுமந்தவராக இருக்கலாம். அம்மையார், "நிச்சயம் என்று எழுதித் தருவீர்களா ஐயா?" என்று கேட்டார். "இருக்கலாம்" என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பட்டாதாரரின் வழிவந்த குடும்பம் இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறது. புஞ்சை அவர்கள் கையில் இல்லை. எப்படிக் கைமாறியது என்று பெரியவர்களுக்குத் தெரியவில்லை. விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்ததும் தெரியவில்லை. நான் எடுத்த நகலை அவர்கள்தான் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே நிலமில்லாதவர்கள் தேட வேண்டிய இடங்கள் வேறு. பழைய 'அ' பதிவேட்டில் பஞ்சமி நிலக் குறிப்பைப் பாருங்கள். 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டத்தின்படி, மிராசுதாரர் மனையில் குடியிருந்த தொழிலாளருக்கு அந்த மனை சொந்தமாயிற்று. அநேக குடும்பங்களில் முதன்முதல் கையில் வாங்கிய பட்டா அதுதான். அதில் தகப்பன் பெயர் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம்.

பிறகு நம் சபைப் பதிவேடு. கடலூரில் 1737-லேயே மிஷனெரிமார் வந்துவிட்டார்கள். கீர்நாந்தர் 1740 முதல், பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்த 1758 வரை இங்கே இருந்தார். ஞானஸ்நானப் பதிவில் புதுப்பெயரோடு பழைய பெயரும், தகப்பன் பெயரும், ஊரும் எழுதியிருந்தால் அதுதான் திறவுகோல். சபையில் யேசுவடியான் ஆனவர் கர்ணத்தின் ஏட்டில் கடைசிவரை முருகனாகவே இருந்திருப்பார். பழைய பெயரைக் கொண்டுபோய்த்தான் சிட்டாவைத் தேட வேண்டும். ஆயர் ஐயா அனுமதித்தால் நம் பழைய பதிவேடுகளைப் புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. மசி மங்கிக்கொண்டே போகிறது.

இன்று கணினியில் சர்வே எண்ணைத் தட்டினால் 'அ' பதிவேடு வந்துவிடுகிறது. அது இன்றைய நிலவரம் மட்டும். 1979-லிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கு முந்திய ஏட்டைக் கேளுங்கள். இன்னொன்று, தென்னாற்காடு 1993 செப்டம்பர் 30-ல் இரண்டாகப் பிரிந்தது. உங்கள் ஊர்க் கணக்கு விழுப்புரத்தில் இருக்கக்கூடும்.

வீட்டில் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய கிஸ்தி ரசீது, போக்கியப் பத்திரம், பட்டாப் புத்தகம் ஏதாவது இருந்தால் அடுத்த கூடுகைக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து வாசிப்போம். நகல் போதும். அசலை என்னிடமானாலும் சரி, யாரிடமானாலும் சரி, கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.