டீசல் எங்கே நின்றது?



நம் நாட்டுச் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய பாதி மழையை நம்பியே இருக்கிறது. மழை பெய்ததும், ஈரம் காயும் முன் உழுது விதைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து டிராக்டர் கிளம்பாது. நாம் என்ன செய்கிறோம்? சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம். பேட்டரி இறங்கிவிடுகிறது. மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறோம். அவர் வருவதற்குள் ஈரம் போய்விடுகிறது.

பல நேரம் கோளாறு சிறியதுதான். என்ஜினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை. எங்கே நின்றது என்று நாமே கண்டுபிடிக்கலாம்.

முதலில் புகைக்குழாயைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது புகையே வரவில்லையா? பெரும்பாலும் டீசல் போகவில்லை என்று பொருள்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால், கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டே வருவோம். டீசலுக்கும் அதே வழிதான்.

டேங்கில் டீசல் இருக்கிறதா? அடியில் உள்ள குழாய் திறந்திருக்கிறதா? என்ஜினை நிறுத்தும் கம்பி உள்ளே போயிருக்கிறதா? டேங்க் மூடியில் காற்றுத் துளை இருக்கும். அது அடைத்தால் டீசல் சரியாக இறங்காது.

அடுத்தது ஃபில்டர். டீசலை விடத் தண்ணீர் கனமானது. அது ஃபில்டரின் அடியில் தங்கும். கீழ்த் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். காகித ஃபில்டரைக் கழுவிப் போடாதீர்கள். புதிது மாற்றுங்கள்.

பிறகு காற்று. டீசல் தீரும்வரை வண்டி ஓட்டினால் குழாயில் காற்று புகும். இணைப்பு தளர்ந்தாலும் புகும். ஃபில்டரின் மேலே உள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்துங்கள். ஃபீட் பம்பின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி விடுங்கள். நுரை நுரையாக டீசல் வரும். நுரை நின்றதும் திருகை இறுக்குங்கள். டீசல் பம்பில் உள்ள திருகிலும் இப்படியே செய்யுங்கள்.

எச்சரிக்கை! அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. என்ஜின் ஆறிய பிறகே தொடுங்கள். இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கே கை வைக்காதீர்கள். புதிய டிராக்டர்கள் சிலவற்றில் காமன் ரெயில் என்ற முறை இருக்கிறது. அதன் குழாய்களை மெக்கானிக்தான் கழற்ற வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்புங்கள். காலி டேங்கில் இரவுக் குளிரில் நீர் கோத்துக்கொள்ளும். டீசலைச் சுத்தமான துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

வண்டி வாங்கும்போது ஒரு கையேடு கொடுத்தார்களே, எங்கே அது? பெட்டிக்குள் கிடக்கிறதா? வெளியே எடுங்கள். எந்தத் திருகு எங்கே என்று அதில் படம் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடினால் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நேற்று வரை அது நமக்கு வெறும் காகிதம். இன்று நமக்குப் படிக்கத் தெரியும். மழைக்கு முன்பே படித்துவிடுங்கள்.