குளிரில் டீசல் எஞ்சின்: புகையைப் பாருங்கள்



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நேரே லடாக் போய்விடுவோம். லேயில் மூன்று குளிர்காலம் ஜெனரேட்டர்களோடு மல்லுக்கட்டியவன் நான். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய எஞ்சின்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். புதுசுகளைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

2019-இல் ஸ்ரீநகர்–லே மின்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் நான் பார்த்த செட்டுகள் பலவும் கரண்ட் போனால் மட்டும் ஓடுபவை. நல்லதுதானே என்பீர்கள். ஆனால் தினமும் ஓடும் எஞ்சினில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். சும்மா நிற்பது எலும்பு வரை குளிர்ந்து கிடக்கும். ஆஸ்பத்திரியில் விளக்கு அணைந்த ராத்திரியில்தான் அதை எழுப்பவேண்டும்!

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திய காற்றின் சூடுதான் தீக்குச்சி. பரீட்சைக் கணக்கில் அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டும். ஆனால் நாம் போட்ட கணக்கில் சிலிண்டர் சுவர் சூட்டை உறிஞ்சாது, ரிங் வழியாகக் காற்று கசியாது. மைனஸ் 20-இல் இரண்டும் நடக்கும். ஆயில் தார் மாதிரி இறுகும், பாட்டரிக்குப் பாதி பலம்தான் இருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றச் சுற்ற, சூடு தப்பிக்க நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. போதாக்குறைக்கு லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஸ்டார்ட் ஆகவில்லையா? கையை எடுத்துவிட்டு சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றத்தான் சூடு இல்லை. புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை. மெழுகு கட்டி ஃபில்டர் அடைத்திருக்கும். முன்னதற்கு வெப்பம் கொடுக்கவேண்டும், பின்னதற்கு ஃபில்டரை மாற்றவேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் ஸ்டார்ட்டரைக் கதறவிட்டு, இருக்கிற பாட்டரியையும் தீர்த்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து விநாடி சுற்றுங்கள், பிறகு இரண்டு நிமிஷம் ஓய்வு கொடுங்கள்.

மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசல் 2019 நவம்பரில் லடாக்குக்கு வந்தது. ஆனால் டாங்கியில் கோடைக்கால டீசல் மிச்சமிருந்தால் என்ன பிரயோஜனம்? அக்டோபரிலேயே அதை ஓட்டித் தீர்த்துவிடவேண்டும். மண்ணெண்ணெய் கலப்பவர்கள் உண்டு. மெழுகு கட்டுவது குறையும், வழவழப்பும் குறையும், பம்ப் தேயும்.

ஈதர் ஸ்ப்ரே விஷயத்தில் மட்டும் நான் கறார். 200 டிகிரிக்குக் கீழேயே பற்றும் சரக்கு அது. க்ளோ பிளக் உள்ள எஞ்சினில் அடித்தால் நேரம் வருமுன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் போகும். "இந்த வண்டிக்கு ஈதர் பழகிடுச்சு சார்" என்பார்கள். பழக்கமாவது! கம்ப்ரஷன் போய்விட்டது, அவ்வளவுதான். டாங்கிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தைவிட்டு நான் ஓடியதுதான் நடந்தது.

செலவில்லாத வழி, ராத்திரி பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது. கரண்ட் இருக்கும் இடத்தில் கூலன்ட் ஹீட்டர் மாட்டி எப்போதும் ஆனிலேயே விடுங்கள்; கரண்ட் போன பிறகும் சில மணி நேரம் பிளாக் சூடாக இருக்கும். ஆயிலை 15டபிள்யூ-விலிருந்து, தயாரிப்பாளர் அனுமதித்தால், 5டபிள்யூ-வுக்கு மாற்றுங்கள்.

ஹீட்டர் வயரிங் பற்றிக் கேட்க விரும்பும் மாணவர்கள் டீ நேரத்தில் வாருங்கள், படம் போட்டே காட்டுகிறேன்.