மாரிக்கால உணவும் புண் ஆறுதலும்



ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வயல்களும் ஒழுங்கைகளும் நீரால் நிறைகின்றன. வானம் இருண்டு உடல் குளிரும் அந்நாள்களிற் சூடான கூழும் கஞ்சியும் நமக்கு மிக இனியனவாகின்றன. அதே நாள்களிலேதான் வயலில் நிற்போரின் கால்விரல் இடுக்குகளிற் சேற்றுப்புண் தோன்றுகிறது. விளையாடும் பிள்ளையின் முழங்காலில் ஏற்பட்ட உராய்வு, ஈரத்தால் ஆறாது சீழ் பிடிக்கிறது. இவற்றைச் சிறு புண்கள் என்று தள்ளிவிடுதல் தகாது. எலிக்காய்ச்சற் கிருமி தேங்கிய நீரிலிருந்து உடலுட் புகும் வழிகளுள் ஒன்று, தோலில் உள்ள இத்தகைய வெடிப்பே. 2024ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அந்நோய் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே தோல் விரைவில் ஆறுதல் வேண்டும். அதற்கு நம் மாரிக்கால உணவு எவ்வளவு துணைசெய்யும் என்பதையே இன்று சொல்ல விழைகின்றேன்.

புண் ஆறுதல் என்பது வீடு திருத்துதல் போன்றதொரு வேலை. சிதைந்த இடத்தில் உடல் புதிய இழையத்தைக் கட்டவேண்டும். அதற்கு வேண்டிய கல்லும் மண்ணும் போன்றது புரதம். அப்புரதத்தைக் கொலாஜன் என்னும் உறுதியான நாராக முறுக்குதற்கு விற்றமின் சி வேண்டும். மேற்றோல் வளர விற்றமின் ஏ யும், கலங்கள் பெருக நாகம் என்னும் கனிப்பொருளும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வேலை தடைப்படும்.

இதனைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் கிராண்டன். 1939இல் அவர் பழமும் மரக்கறியும் அறவே நீக்கி, விற்றமின் சி இல்லாத உணவையே பல மாதம் உண்டார். மூன்றாம் மாதத்தில் அவர் முதுகிற் கீறப்பட்ட காயம் வழக்கம்போல ஆறியது. ஆறாம் மாதத்திற் கீறிய காயமோ, மேலே தோல் மூடியிருந்தும் உள்ளே கூடவில்லை. விற்றமின் சி ஊசிமூலம் ஏற்றப்பட்டதும் சில நாள்களில் அதுவும் ஆறியது. வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு சத்துக் குறைந்தாற் புண் ஆறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, நம் ஒடியற்கூழை எடுத்துக்கொள்வோம். சென்ற பருவத்திற் கிண்டிய பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மாவை, நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துக் கசப்பகற்றிச் சேர்க்கின்றோம். அம்மா பெரும்பாலும் மாப்பொருளே; பசியாற்றும், உடலுக்குச் சூடு தரும். புண்ணை ஆற்றும் பொருள்களோ அதனோடு கூடுபவற்றிலேயே உள்ளன. மீனும் நண்டும் இறாலும் புரதமும் நாகமும் தருகின்றன. பயற்றங்காயும் பலாக்கொட்டையும் தம்மால் இயன்றதை உதவுகின்றன. முருங்கையிலை விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டினைத் தருகின்றது. ஆகவே மாவைக் குறைத்து, மீனையும் இலையையும் கூட்டிக் காய்ச்சுங் கூழே மேலானது. மீன் உண்ணாதார் பயறும் கடலையும் கூட்டலாம்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. விற்றமின் சி சூட்டில் அழியும். நீரிற் கரைந்தும் போகும். நெடுநேரம் கொதித்த கூழில் அது மிகுதியாக எஞ்சாது. கூழை இறக்கிச் சற்று ஆறியபின் தேசிக்காய்ப் புளி விடுவதும், பின்னர் ஒரு கொய்யாப்பழமோ பப்பாசித் துண்டோ உண்பதும் அக்குறையை நிரப்பும். வல்லாரையைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் கூட்டிச் செய்யுஞ் சம்பலும் இவ்வகையில் நன்று. வல்லாரையிலிருந்து ஏசியாற்றிக்கோசைட் என்னும் பொருள் 1940களிற் பிரித்தெடுக்கப்பட்டு, புண்ணுக்குப் பூசும் மருந்துகளிற் சேர்க்கப்பட்டது. எனினும் பூசும் மருந்தின் பயன் முழுவதையும் ஒரு பிடி சம்பலிடம் எதிர்பார்த்தல் முறையன்று. அது நல்லதோர் இலைக்கறி என்ற அளவிற் கொள்க.

இங்கே நம் வீடுகளிலுள்ள ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைக்குப் புண் வந்ததும் ‘கிரந்தி’ என்று மீனை நிறுத்துகின்றோம், முட்டையை நிறுத்துகின்றோம், தக்காளியையும் நிறுத்துகின்றோம். ஈற்றில் வெறுஞ்சோறும் இரசமுமே எஞ்சுகின்றன. கட்டட வேலை நடக்கும்போது கல்லையும் சாந்தையும் மறித்துவிட்டுச் சுவர் எழவில்லையே என்று வருந்துவது போன்றதே இது. இறாலோ நண்டோ உண்டவுடன் தோல் தடித்துச் சொறிகின்றவர்கள் உளர். அவர்கள் அவ்வுணவை விலக்கவே வேண்டும். அதற்காக எல்லாருக்கும் எல்லாவற்றையும் விலக்குதல் நியாயமாகாது. நம் முன்னோரும் அவ்வாறு செய்தாரல்லர். பிள்ளை பெற்ற தாயின் உடல் தேறவேண்டுமென்று மல்லியும் மிளகும் மஞ்சளும் சேர்த்து அரைத்த சரக்கிலே மீன் போட்டுக் கறி காய்ச்சிக் கொடுத்தவர்கள் அவர்களே. பத்தியம் என்பது பட்டினியன்று.

நீரிழிவுள்ளவர்கள் கூழின் அளவைச் சுருக்கி, மீனையும் இலைக்கறியையும் பெருக்கிக் கொள்க. அவர்களுடைய காலிற் புண் கண்டால் வீட்டு வைத்தியத்தோடு நாளைப் போக்காது, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மற்றையோருக்கும் உணவு துணையேயன்றி மருந்தன்று. வயலாற் திரும்பியதும் காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து உலர்த்துதலே முதற்கடமை.

அதன்பின் அடுப்படியில் அமருங்கள். பலாவிலையைக் கோலிக் கூழை வார்த்துக் கொடுக்கும் தாய்மாரிடம் நான் வேண்டுவது ஒன்றே: காலிற் புண்ணோடு இருக்கும் பிள்ளையின் பங்கில், அடியிற் கிடக்கும் மீன் துண்டையும் சேர்த்து வாருங்கள்.