வழுவியோரை நிலைநிறுத்துதல்



சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரம், இல்லறத்தார் விலக்க வேண்டியவற்றுள் மதுவையும் வைக்கிறது. அந்நூலே நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனத்தையும் ஸ்திதிகரணத்தையும் எண்ணுகிறது. முன்னது, பிறர் குறையைத் தூற்றாமை; பின்னது, நெறியினின்று வழுவியோரை அன்பால் மீண்டும் நிலைநிறுத்துதல்.

மதுப்பழக்கத்திற்குச் சிகிச்சை பெற்றுப் பள்ளிக்குத் திரும்பும் மாணவனுக்கு இவ்விரண்டும் வேண்டும். அவனைப் பற்றிய செய்தி, அறிய வேண்டிய ஆசிரியர் ஓரிருவரோடு நிற்றல் வேண்டும். பிறர்க்குப் பாடமாக அவனைச் சுட்டலாகாது. விடுபட்ட பாடங்களைக் கற்கக் கால நீட்டிப்பும், குடிக்கும் வேட்கை எழும்போது தயங்காமல் சென்று பேச ஓர் ஆசிரியரும் தேவை. மீண்டும் ஒருமுறை இடறினால், அது சிகிச்சையை வலுப்படுத்த வேண்டும் என்பதன் குறிப்பு, வெளியேற்றுவதற்குக் காரணமன்று. நீக்கப்பட்டவனுக்கு எஞ்சுவது பழைய கூட்டமே. பெற்றோரும் ஆசிரியரும் 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

ஸ்திதிகரணத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் வாரிஷேண முனிவர். துறவில் மனம் தளர்ந்த தோழரை அவர் இகழவில்லை. உடன் அழைத்துச் சென்று, உள்ளம் தெளியச் செய்து, மீண்டும் நெறியில் நிறுத்தினார். குடியை விட்டு வரும் பிள்ளைக்குப் பள்ளியும் அத்தகைய தோழனாதல் அறம்.