பேரப்பிள்ளையைக் கையில் எடுக்குமுன்: கக்குவான் இருமல் பற்றிச் சில வார்த்தைகள்

(காஹாங் வட்டார மூத்தோருக்கான சுகாதார உரை)



கக்குவான் இருமல் உங்களுக்குப் புதிதல்ல. தோட்டத்து லயங்களில் கற்பூரவள்ளிச் சாறு, துளசி, சுக்கு, தேன், கழுதைப் பால் என்று கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நீங்கள். அந்த வைத்தியங்களில் எது யாருக்கு உதவும், எது யாருக்கு ஆபத்து என்பதை இன்று பார்ப்போம்.

இந்த இருமல் ஒரு கிருமியால் வருகிறது. இருமும்போதும் தும்மும்போதும் பரவும். முதல் ஒன்றிரண்டு வாரம் சாதாரணச் சளி போலத்தான் இருக்கும். ஆனால் அப்போதுதான் அதிகமாகத் தொற்றும். பிறகு விடாத இருமல் வரும். அடுக்கடுக்காக இருமி, மூச்சை இழுக்கும்போது ‘ஊப்’ என்று ஓசை கேட்கும். முகம் சிவக்கும், வாந்தி வரும். இரவில் அதிகமாகும். மாதக்கணக்கில் நீடிப்பதால் இதை ‘நூறு நாள் இருமல்’ என்பார்கள். மலாயில் ‘பாத்துக் கோக்கோல்’ என்பது இதுதான்.

பெரியவர்களுக்கு அந்த ‘ஊப்’ ஓசை பெரும்பாலும் வராது. “வெறும் இருமல்தானே” என்று இருந்துவிடுவோம். சிறுவயதில் வந்ததோ, அப்போது போட்ட தடுப்பூசியோ ஆயுள் முழுதும் காக்காது. நம் இருமல், மடியில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும்.

பச்சிளங்குழந்தை சில வேளை இருமாமலேயே மூச்சு நின்று நீலமாகிவிடும். உயிரும் போகலாம். நம் நாட்டில் இதற்கான தடுப்பூசி 2, 3, 5 ஆகிய மாதங்களிலும், மீண்டும் 18-ஆவது மாதத்திலும் போடப்படுகிறது. முதல் இரண்டு மாதம் குழந்தையைக் காப்பது வீட்டிலுள்ள நம் கவனம்தான்.

பெரியவர்கள் வீட்டில் செய்யக்கூடியவை:

• வெதுவெதுப்பான நீரை அடிக்கடி, சிறிது சிறிதாகக் குடியுங்கள்.
• இஞ்சிச் சாற்றில் தேன், துளசி நீர் ஆகியவை தொண்டைக்கு இதம் தரும். நீரிழிவு உள்ளவர்கள் தேனைத் தவிர்க்கவும்.
• வாந்தி வந்தால், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுங்கள்.
• கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் புகை இருமலைத் தூண்டும். தவிர்க்கவும்.

இவை இதம் தருமே தவிர, கிருமியைக் கொல்லாது. அதற்கு மருத்துவர் தரும் ஆண்டிபயாட்டிக் வேண்டும். தொடக்கத்திலேயே எடுத்தால் நல்லது. ஐந்து நாள் சாப்பிட்டபின் பிறருக்குத் தொற்றாது. மருந்து எடுக்காவிட்டால் ஏறத்தாழ மூன்று வாரம் தொற்றும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ காத்திருக்காமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

கைக்குழந்தைக்குச் செய்யக்கூடாதவை:

• ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில் தடவவும் வேண்டாம். அதிலுள்ள கிருமி நஞ்சாகலாம்.
• கழுதைப் பால், உரை மருந்து, சூடு போடுதல் வேண்டாம்.
• கற்பூரத் தைலம், சாம்பிராணிப் புகை, கடையில் வாங்கும் இருமல் மருந்து வேண்டாம்.

குழந்தை இருமும்போது தூக்கி நிமிர்த்திப் பிடியுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சு நின்றாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். காஹாங்கிலிருந்து குளுவாங் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவும் நேரமாகும் அல்லவா?

வீட்டில் மகளோ மருமகளோ கருவுற்றிருந்தால், கர்ப்ப காலத்தில் போடும் கக்குவான் தடுப்பூசி பற்றிக் கிளினிக் தாதியிடம் கேட்கச் சொல்லுங்கள். தாய் போட்டுக்கொண்டால், பிறக்கும் குழந்தைக்கும் முதல் மாதங்களில் பாதுகாப்புக் கிடைக்கும்.

பேரப்பிள்ளையைக் கொஞ்ச யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் இருமல் இருக்கும் நாள்களில் சற்றுத் தள்ளி இருங்கள், முகக்கவசம் அணியுங்கள், கை கழுவுங்கள். சில வாரம் பொறுத்துக்கொண்டால், பிறகு ஆசை தீரக் கொஞ்சலாம்.