செம்மஞ்சள் கோப்பு



சிறைச்சாலை என்றால் கைதியின் கதையைத்தான் நாங்கள் கேட்பது வழக்கம். கதவைப் பூட்டித் திறக்கும் உத்தியோகத்தர் என்ன பாடுபடுகிறார் என்று இன்று பார்ப்போம்.

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் கைதிகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்கள் 2012இல் சுமார் 23,000. 2023இல் அது 70,000ஐத் தாண்டியது. கைதிகளில் பெண்கள் நூற்றுக்கு நாலு பேர்தான். சம்பவங்களிலோ கால்பங்குக்கும் மேல் அவர்களுடையவை.

ஒருவர் இப்படிச் செய்தாலோ, செய்யக்கூடும் என்று பட்டாலோ, எந்த ஊழியரும் அவருக்காக ஒரு செம்மஞ்சள் கோப்பைத் திறக்கலாம். 'அக்ட்' என்று அதைச் சொல்வார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் உடனடிப் பாதுகாப்பு ஏற்பாடு. 24 மணித்தியாலத்துக்குள் ஆளோடு இருந்து கதைத்து ஒரு மதிப்பீடு. பிறகு இரவிலும் பகலிலும், எப்போது வருவார் என்று கைதிக்குத் தெரியாதபடி எட்டிப் பார்த்து, பார்த்ததை எழுதவேண்டும். உயிர் போய்விட்டால் மரண விசாரணையில் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுவார்கள். அந்தப் பயத்தில், கைதியின் முகத்தைப் பார்ப்பதைவிடக் கோப்பை நிரப்புவதிலேயே பொழுது போகிறது என்பது உத்தியோகத்தர்களின் பழைய முறைப்பாடு.

இன்னொரு பேச்சும் அவர்களிடம் உண்டு. "சும்மா நடிப்பு, எங்களைத் தன் பக்கம் இழுக்கச் செய்கிறான்" என்பது. ஒரே ஆளின் இரத்தத்தைக் கிழமைக்கு மூன்று தரம் துடைப்பவருக்கு மனம் மரத்துப்போவதை நான் குறை சொல்லமாட்டேன். (எங்கள் வீடுகளிலும் பிள்ளையின் கையில் கீறலைக் கண்டால் முதலில் வருவது இதே சொல்தானே!) ஆனால் அது பிழையான கணக்கு. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் கீத் ஹோட்டன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் காயப்படுத்திக்கொண்ட கைதிகள் பின்னர் தற்கொலை செய்யும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்று கண்டார்கள்.

கதைக்க ஆள் வேண்டும், ஆளுக்கு நேரம் வேண்டும். 2010க்குப் பிறகு நாலைந்து வருடத்தில் உத்தியோகத்தர் தொகை ஏறக்குறையக் கால்பங்கு குறைக்கப்பட்டது. அனுபவசாலிகள் பலர் அப்போது போய்விட்டார்கள். 2018இல் ஒருவருக்கு ஐந்தாறு கைதிகளைப் பொறுப்புக் கொடுத்து, கிழமைக்கு முக்கால் மணித்தியாலம் கதைக்கும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான்.

இறுகிய துணியை அறுக்கும் வளைந்த கத்தி ஒன்று உத்தியோகத்தரின் இடுப்பில் எப்போதும் இருக்கும். அதை ஒருநாள் பாவித்தவர், கை கழுவிவிட்டு, அடுத்த கதவைத் திறந்து சாப்பாடு கொடுக்கப் போகவேண்டும். ஊழியருக்கென்றும் ஆறுதல் குழு உண்டு. தனக்கு அது வேண்டும் என்று வாய்திறக்கத்தான் பலருக்குக் கூச்சம்.